பெட்டியைத் திறக்கத் தெரிந்த பிள்ளைகள் வேண்டும்

சில மாதங்களுக்கு முன், சித்தூர் தாலுகாவின் எல்லையோரத்தில் உள்ள ஒரு தமிழ்வழிப் பள்ளிக்குப் போக நேர்ந்தது. அங்கே ஆசிரியராக இருக்கும் நண்பர் ஒருவர், "நீங்கள் ரயில்வேயில் சிக்னல் பார்த்தவர், எங்கள் பிள்ளைகள் ஒரு லெவல் கிராஸிங் கேட் செய்திருக்கிறார்கள், வந்து பார்த்துச் சொல்லுங்கள்" என்று அழைத்திருந்தார். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள். அட்டையில் தண்டவாளம், ஐஸ்கிரீம் குச்சியில் கேட், ஒரு சிறிய சர்வோ மோட்டார், ஓர் அகச்சிவப்பு உணரி, நடுவில் நீல நிறத்தில் ஓர் ஆர்டுயினோ போர்டு. பொம்மை வண்டி உணரியைக் கடந்ததும் கேட் அழகாக இறங்கியது. நானும் கை தட்டினேன்.

பிறகு, தொழில் புத்தி விடுமா? ஒரு கேள்வி கேட்டேன். "வண்டி வரும் நேரத்தில் இந்தப் போர்டு கெட்டுவிட்டால் கேட் திறந்து நிற்குமா, மூடி நிற்குமா?" பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஒரு பெண் பிள்ளை சொன்னாள்: "கெட்டுப் போச்சுன்னா சார்கிட்டச் சொல்லுவோமுங்க. சார் மேலே எழுதிப் போட்டு வேற கிட் வாங்கித் தருவாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் பஸ்ஸில் திரும்பும்போது அந்தப் பதில் என்னை விடவில்லை. குழந்தை தவறாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. பெரியவர்களாகிய நாமும் இத்தனை ஆண்டுகளாக அதைத்தானே செய்து வருகிறோம்? கெட்டுப்போனால் மேலே எழுதிப் போடுகிறோம். வேறு பெட்டி வருகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று நாமும் கேட்பதில்லை, விற்றவரும் சொல்வதில்லை. இந்த நிலை மாற வேண்டும், அதுவும் எல்லையோரத்து நம் பிள்ளைகளிடமிருந்தே மாறத் தொடங்கலாம் என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்பும் கருத்து.

நல்லதை முதலில் சொல்வோம்

கேரள அரசைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. 2001இல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்ற பெயரில் தொடங்கி, 2017இல் 'கைட்' என்று உருமாறிய அமைப்பு நம் மாநிலத்துப் பள்ளிகளில் செய்திருக்கும் வேலை பாராட்டுக்குரியது. காசு கொடுத்து வாங்கும் மென்பொருளுக்கு அடிமையாகாமல், பள்ளிக் கம்ப்யூட்டர்களில் கட்டற்ற மென்பொருளையே பழக்கினார்கள். 2018இல் 'லிட்டில் கைட்ஸ்' மன்றங்கள் தொடங்கி, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளிகளுக்குப் பரவின. 2025 ஜூனில் பத்தாம் வகுப்பு மாணவர் அனைவருக்கும், அதாவது ஏறத்தாழ 4.3 லட்சம் பேருக்கு, ரோபாட்டிக்ஸ் பாடமாகவே வந்துவிட்டது. பள்ளிகளுக்கு வழங்கிய கிட்டுகளின் எண்ணிக்கை சுமார் 29,000.

அந்தக் கிட்டில் இருக்கும் ஆர்டுயினோ போர்டைத் தேர்ந்தெடுத்ததும் நல்ல தேர்வுதான். 2005இல் இத்தாலியில் இவ்ரியா என்ற ஊரில், மாணவர்களுக்கென்றே உருவான போர்டு அது. அதன் சர்க்யூட் வரைபடத்தை உலகத்தார் எல்லோருக்கும் திறந்து வைத்தார்கள். விரும்பியவர் அதைப் பார்த்து அதே போர்டைச் செய்து விற்கலாம். அதன் மூளையான சிப்பு, ஊனோ மாடலின் பழைய வடிவத்தில் சாக்கெட்டில் செருகப்பட்டிருக்கும். கெட்டால் அதை மட்டும் பிடுங்கி வேறு போடலாம். போர்டைத் தூக்கி எறிய வேண்டாம். 2025 அக்டோபரில் குவால்காம் என்ற பெரிய அமெரிக்க நிறுவனம் ஆர்டுயினோவை வாங்குவதாக அறிவித்தபோது பலர் கவலைப்பட்டார்கள். கவலை நியாயமே. ஆனாலும் ஏற்கெனவே திறந்து வைத்த வரைபடத்தை இனி யாரும் பூட்டிவிட முடியாது. நிறுவனம் கை மாறலாம். ஊரார் கையில் இருக்கும் வரைபடம் ஊராருடையதே.

இத்தனை நல்ல பொருள் கையில் இருந்தும், சாக்கெட்டில் இருக்கும் சிப்பைக் கழற்றலாம் என்பதே அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. பாடம் கேட்டை இறக்குவதோடு முடிந்துவிட்டது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். கிட்டுச் சுரைக்காயும் அப்படித்தான் ஆகிவிடுமோ என்பதே என் அச்சம்.

ஒரு ரிலே அறையில் கற்றது

நான் படித்தது டிப்ளமாதான். பெரிய தத்துவம் எதுவும் தெரியாது. ஆனால் மின்னணுக் கருவி எப்படி இருக்க வேண்டும் என்று இன்று அறிஞர்கள் பேசும் மூன்று குணங்களை, அதாவது நீடித்து உழைப்பது, திறந்திருப்பது, நம் ஆளுகையில் இருப்பது என்ற மூன்றையும், நான் பணியில் சேர்ந்த காலத்தில் ஒரு ஸ்டேஷனின் ரிலே அறையிலேயே பார்த்துவிட்டேன்.

ரிலே அறை என்றால், சிக்னலுக்கும் பாயிண்டுக்கும் கட்டளை போகும் இடம். வரிசை வரிசையாகக் கண்ணாடி மூடிய ரிலேக்கள் 'டக்', 'டக்' என்று பேசிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு கம்பியும் எங்கிருந்து எங்கே போகிறது என்ற வரைபடம் அந்த அறையிலேயே இருக்கும். இரவு இரண்டு மணிக்குக் கோளாறு என்றாலும், அந்தப் படத்தை விரித்து, மீட்டரை வைத்து, பழுதான இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். ரிலேயின் விவரக்குறிப்பு ரயில்வேயின் சொந்தச் சொத்து. ஒன்றுக்கு மேற்பட்ட கம்பெனிகள் அதன்படி செய்து கொடுக்கும். போதாதற்கு நம் பக்கத்துப் போத்தனூரிலேயே ரயில்வேயின் சிக்னல் தொழிற்சாலை இருந்தது. அங்கே நம் ஊர்த் தொழிலாளிகள் ரிலே செய்தார்கள். எனக்கு முன் பணியில் சேர்ந்தவர்கள் பொருத்திய ரிலேக்களை நான் பராமரித்து, எனக்குப் பின் வந்தவர்களிடம் ஒப்படைத்தேன்.

பிற்காலத்தில் மின்னணுப் பெட்டிகள் வந்தன. அவை வேண்டாம் என்று சொல்லும் பழைய ஆள் அல்ல நான். அவற்றால் வேகமும் பாதுகாப்பும் கூடியது உண்மை. ஆனால் ஒரு சம்பவத்தை மறக்க முடியாது. இரண்டு ஸ்டேஷன்களுக்கு இடையே வண்டி முழுவதும் கடந்துவிட்டதா என்று சக்கரங்களை எண்ணிச் சொல்லும் ஆக்சில் கவுண்டர் ஒன்றில், ஒரு கார்டு கெட்டுப்போயிற்று. கார்டின் வரைபடம் கேட்டோம். கம்பெனி தரவில்லை, அது அவர்களுடைய வியாபார ரகசியமாம். புதிய கார்டு கேட்டோம். அந்த மாடலைச் செய்வதை நிறுத்திவிட்டோம் என்றார்கள். வேறிடத்திலிருந்து ஒரு கார்டைத் தேடிப் பிடித்துப் போடும்வரை, டிரைவர்கள் கையில் பேப்பர் லைன் கிளியர் கொடுத்து வண்டிகளை அனுப்பினோம். அந்தக் கார்டில் கெட்டுப் போனது என்னவென்று பின்னால் ஓர் இளைஞர் ஆர்வத்தில் நோண்டிப் பார்த்தார். உப்பிப்போன ஒரு கபாசிட்டர். விலை சில ரூபாய்.

அன்று எனக்குப் புரிந்தது. பொருளுக்குப் பணம் கொடுத்துவிட்டோம். ஆனால் அதன் சாவி வேறொருவர் சட்டைப் பையில் இருக்கிறது. இரவல் சேலையை நம்பி இடுப்புத் துணியை எறிந்த கதைதான்.

நாம் செய்து காட்டியது உண்டு

"இதெல்லாம் நம்மால் ஆகிற காரியமா?" என்று கேட்பவர்களுக்கு நம் நாட்டு வரலாற்றிலேயே பதில் இருக்கிறது.

1980களில் ஒரு டெலிபோன் இணைப்புக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்ததை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகள் குளிர்சாதன அறை கேட்டன. நம் கிராமத்தில் மின்சாரமே ஒழுங்காக இல்லை. 1984இல் மத்திய அரசு 'சி-டாட்' என்ற அமைப்பைத் தொடங்கி, கல்லூரியை விட்டு வந்த இளம் பொறியாளர்களை நூற்றுக்கணக்கில் சேர்த்தது. அவர்கள் நம் வெயிலுக்கும் தூசிக்கும் ஏற்றபடி, ஏ.சி. இல்லாமலே ஓடும் 128 இணைப்புக் கிராம எக்ஸ்சேஞ்சை வடிவமைத்தார்கள். 1986இல் கர்நாடகத்தின் கித்தூரில் முதலாவது இயங்கத் தொடங்கியது. அதைவிட முக்கியமான செய்தி, அந்த வடிவமைப்பை ஒரே கம்பெனியிடம் கொடுத்துப் பூட்டிவிடாமல், பல தொழிற்சாலைகளுக்கும் கொடுத்ததுதான். அதனால்தான் ஊர் ஊராக அது போய்ச் சேர்ந்தது.

அதே காலத்தில் அமெரிக்கா சூப்பர் கம்ப்யூட்டர் தர மறுத்தது. 1988இல் 'சி-டாக்' தொடங்கப்பட்டு, 1991இல் 'பரம்' கம்ப்யூட்டர் வந்தது. நம் கேரளத்திலேயே 1973இல் கெல்ட்ரான் தொடங்கி, வீட்டுக்கு வீடு கெல்ட்ரான் டி.வி. இருந்த காலமும் உண்டு. நம் பாலக்காட்டுக் கஞ்சிக்கோட்டில் 1976இல் ஐ.டி.ஐ. தொழிற்சாலை வந்து, மின்னணு எக்ஸ்சேஞ்சுகள் செய்தது. அங்கே சால்டரிங் பிடித்த கைகள் பல இன்னும் நம் தெருக்களில் ஓய்வாக உட்கார்ந்திருக்கின்றன.

தவறிய கதையும் உண்டு. சண்டிகர் அருகே மொகாலியில் 1984இல் உற்பத்தி தொடங்கிய அரசின் சிப்புத் தொழிற்சாலை, 1989இல் தீக்கு இரையாயிற்று. மீண்டும் எழுந்து நிற்கப் பல ஆண்டுகள் ஆயின. அதற்குள் தைவானும் கொரியாவும் எங்கோ போய்விட்டன.

இன்று மறுபடியும் ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. சிப்பு எந்தக் கட்டளைகளைப் புரிந்துகொள்ளும் என்ற அடிப்படை மொழி, நீண்ட காலம் சில கம்பெனிகளின் தனிச்சொத்தாக இருந்தது. 2010இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் 'ரிஸ்க்-ஃபைவ்' என்ற திறந்த மொழியை உருவாக்கினார்கள். அதற்கு யாரும் யாருக்கும் கப்பம் கட்ட வேண்டாம். அதை வைத்துச் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடியின் குழு 'சக்தி' செயலிகளையும், திருவனந்தபுரம் சி-டாக் 'வேகா' செயலிகளையும் உருவாக்கின. சக்தி வழியில், சென்னை ஐ.ஐ.டி.யும் இஸ்ரோவும் சேர்ந்து செய்த 'ஐரிஸ்' என்ற சிப்பு, அதே மொகாலித் தொழிற்சாலையில் உற்பத்தியாகி, 2025 பிப்ரவரியில் இயக்கிக் காட்டப்பட்டது. 2022இல் தொடங்கிய மத்திய அரசின் 'சிப்ஸ் டு ஸ்டார்ட்அப்' திட்டம் ஐந்தாண்டில் 85,000 பேரைச் சிப்பு வடிவமைப்பில் பயிற்றுவிப்பதாகச் சொல்கிறது.

மிகையாகவும் பேச வேண்டாம். மொகாலியில் செய்வது 180 நானோமீட்டர் ரகம். நம் கையிலுள்ள செல்போனுக்குள் இருப்பது அதைவிடப் பல மடங்கு நுண்ணியது. எல்லாவற்றையும் நாமே செய்துவிட வேண்டும் என்பது நடக்காத காரியம். எந்த நாட்டாலும் அது முடியாது. எது நம்மிடம் இல்லாவிட்டால் நம் உயிருக்கு ஆபத்தோ, அதையாவது புரிந்துகொள்ளவும், பழுது பார்க்கவும், தேவைப்பட்டால் வேறு சிப்பில் மாற்றிச் செய்யவும் தெரிந்திருப்பதே நம் ஆளுகை என்பது. அதற்கு 180 நானோமீட்டர் தாராளம்.

பெட்டிமுடி சொன்ன பாடம்

உயிருக்கு ஆபத்து என்று நான் எழுதியது அலங்காரத்துக்காக அல்ல.

2020 ஆகஸ்டு 6 இரவு, மூணாறுக்கு அப்பால் ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்தது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்கள் மண்ணோடு போயின. 70 பேர் மாண்டார்கள். அத்தனை பேரும் நம்மவர்கள். பலருடைய சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. நாட்கணக்காகப் பெய்த மழையில் அங்கே மின்சாரமும் இல்லை, டெலிபோனும் இல்லை. இரவு பத்தே முக்கால் மணி அளவில் நடந்த சேதி, மறுநாள் காலைதான் வெளியே தெரிந்தது. அதுவரை மூணாறில் இருந்தவர்களுக்கு, பெட்டிமுடியிலிருந்து ஒரு செய்தியும் இல்லை. ஆகவே ஒன்றும் நடக்கவில்லை.

சிக்னல்காரனாகிய எனக்கு நெஞ்சில் குத்துவது இந்த இடம்தான். ரயில்வேயில் எங்கள் முதல் பாடமே இதற்கு நேர்மாறானது. ரிலேக்கு மின்சாரம் வந்துகொண்டே இருந்தால்தான் பச்சை. கம்பி அறுந்தாலும், ஃபியூஸ் போனாலும், பாட்டரி தீர்ந்தாலும் ரிலே விழும், சிக்னல் சிவப்பாகும். செய்தி இல்லை என்றால் ஆபத்து என்றுதான் பொருள். பெட்டிமுடியில் அந்த ஊர் பேசாமல் போனதே சிவப்பு விளக்காக எரிந்திருக்க வேண்டும். எரிய வைக்க அங்கே ஒரு கருவி இல்லை.

கருவி இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. வயநாட்டில் கல்பெட்டாவைச் சேர்ந்த ஹ்யூம் மையம், ஊர்க்காரர்களைக் கொண்டே இருநூறு இடங்களில் மழையை அளந்து வருகிறது. 2024 ஜூலை 30 அதிகாலை முண்டக்கை, சூரல்மலைப் பேரிடர் நடப்பதற்கு முன், அருகிலுள்ள புத்துமலையில் 48 மணி நேரத்தில் 572 மில்லிமீட்டர் மழை பதிவானதைக் கண்டு, முந்தைய நாளே அவர்கள் எச்சரித்தார்கள். அந்த எச்சரிக்கை முழுப் பயன் தராமல் போனது வேறு துயரம். ஆனால் மழையை அளந்தவர்கள் ஊர் மக்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். மீனச்சில் ஆற்றுப் படுகையிலும் பள்ளிப் பிள்ளைகள் மழைமானி வைத்து அளக்கிறார்கள். மூணாறு அந்தோணியார் காலனியில் அமிர்தா பல்கலைக்கழகத்தார் மண்ணுக்குள் உணரிகளைப் புதைத்து, நிலச்சரிவை முன்னறியும் ஏற்பாட்டைச் செய்திருக்கிறார்கள். அது பெரிய ஆய்வாளர்களின் பெரிய வேலை. ஒவ்வொரு லயத்துக்கும் அது வரும்வரை காத்திருக்க முடியுமா?

ஒரு மழைமானி போதும்

மாணவர்களுக்கு மின்னணு வடிவமைப்பைக் கற்பிக்க, ஒரு தானியங்கி மழைமானி போதும் என்கிறேன். எப்படி என்று சொல்கிறேன்.

ஒரு புனல். அதன் வாய் 200 சதுர சென்டிமீட்டர். அதன் கீழே ஏற்றப் பலகை போல இருபுறமும் சாயும் இரட்டைக் கிண்ணம். 0.2 மில்லிமீட்டர் மழைக்குப் புனலில் விழும் தண்ணீர் 4 மில்லிலிட்டர். அது நிரம்பினால் கிண்ணம் ஒரு பக்கம் சாயும். சாயும்போது அதிலுள்ள சிறு காந்தம் ஒரு ரீட் சுவிட்சைத் தொடாமலே மூடித் திறக்கும். சாய்ந்த எண்ணிக்கையை எண்ணினால் மழை அளவு. மருந்துக் கடையில் வாங்கும் ஊசி போடும் சிரிஞ்சால் 4 மில்லி ஊற்றி, சரியாகச் சாய்கிறதா என்று பிள்ளைகளே சோதிக்கலாம். இதுவரை ஏழாம் வகுப்புக் கணக்கு.

இனித்தான் வடிவமைப்பு தொடங்குகிறது. ஒரு முறை சாய்ந்தால் சுவிட்ச் துள்ளி மூன்று முறை எண்ணும். அதைத் தடுக்க வேண்டும். ஆடி, ஆவணியில் மூணாறில் பத்து நாள் வெயில் தெரியாது; அத்தனை நாளும் சூரியத் தகடு இல்லாமல் பாட்டரி தாங்க வேண்டும், ஆகவே சிப்பு பெரும்பாலான நேரம் தூங்கி, தேவையானபோது விழிக்க வேண்டும். எத்தனை மில்லிஆம்பியர், எத்தனை மணி நேரம் என்று கணக்குப் போட வேண்டும். இலை அடைக்கும், எறும்பு கூடு கட்டும், பனி உள்ளே இறங்கிச் செப்புப் பாதையை அரிக்கும். பெட்டியை ஸ்க்ரூவால் மூட வேண்டும், பசை போட்டு ஒட்டக் கூடாது. தோட்டத்துப் பையன் ஒருவன் ஒரு திருப்புளியை வைத்துத் திறக்க முடிய வேண்டும். இவை அத்தனையும் 'நீடித்து உழைப்பது' என்ற பாடம்.

சேதியை அனுப்ப, செல்போன் டவரை நம்ப முடியாது. பெட்டிமுடியில் அதுதானே போயிற்று. நம் நாட்டில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையில், குறைந்த ஆற்றலில் ரேடியோ அனுப்ப உரிமம் வேண்டாம். 'லோரா' என்ற முறையில், தடையில்லாத இடத்தில் சில கிலோமீட்டர் தூரம் சிறு பாட்டரியிலேயே சேதி போகும். ஒரு குன்றிலிருந்து மறு குன்றுக்குத் தாவித் தாவி மூணாறை எட்டலாம். அந்த ரேடியோ சிப்பின் நுட்பம் ஒரு கம்பெனியின் காப்புரிமையில் இருக்கிறது என்பதையும் பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாது. எது நம் கையில், எது பிறர் கையில் என்று பட்டியல் போடக் கற்பதே ஆளுகையின் முதல் பாடம்.

சர்க்யூட் பலகையை வரைய 'கிகாட்' என்ற மென்பொருள் உண்டு. 1992இல் பிரான்சில் ஒரு பேராசிரியர் தொடங்கியது, இலவசம், கட்டற்றது. வரைந்ததை எந்த உரிமத்தில் வெளியிடுவது என்றால், ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகம் 2011இல் திறந்த வன்பொருளுக்கென்றே ஓர் உரிமம் எழுதி வைத்திருக்கிறது. முதல் மழைமானியை ஆர்டுயினோவில் செய்யட்டும். இரண்டாவதைத் திருவனந்தபுரம் சி-டாக்கின் 'ஏரீஸ்' போர்டில், நம் வேகா சிப்பை வைத்துச் செய்யட்டும். அதே வேலையை வேறு சிப்புக்கு மாற்றிப் பார்த்த பிள்ளை, பிறகு எந்தக் கம்பெனி கதவை மூடினாலும் கலங்க மாட்டாள்.

கடைசியாக எங்கள் சிக்னல் பாடம். மழை பெய்யாவிட்டாலும், மணிக்கொரு முறை "இருக்கிறேன்" என்று அந்தப் பெட்டி சொல்ல வேண்டும். இரண்டு முறை சொல்லாவிட்டால், கீழே மணி அடிக்க வேண்டும். பழுதாகவும் இருக்கலாம், மலை சரிந்தும் இருக்கலாம். ஆள் போய்ப் பார்க்க வேண்டும்.

கேட்கக்கூடிய கேள்விகள்

"சைனாவிலிருந்து மழைமானி மலிவாக வருகிறதே?" என்பார்கள். வரும், வாங்கவும் செய்யலாம். இரண்டாவது மழைக்காலத்தில் கெட்டால் என்ன செய்வது என்பதே கேள்வி. உலகில் மின்னணுக் கழிவை அதிகம் உண்டாக்கும் நாடுகளில் சீனா, அமெரிக்காவுக்கு அடுத்து நாம் மூன்றாவது இடத்தில் இருக்கிறோம். மலிவாக வாங்கியவையே அந்தக் குவியலில் பாதி இருக்கும் என்பது என் எண்ணம்.

"இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?" என்று பெற்றோர் கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான், லயத்தில் பிறந்த பிள்ளைக்கு வேலைதான் முதல் தேவை. என் அனுபவத்தைச் சொல்கிறேன். சர்க்யூட்டைப் படிக்கத் தெரிந்தவனை எந்த அதிகாரியும் வெளியே அனுப்பியதில்லை. கெட்டது எங்கே என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவனுக்கு ரயில்வேயிலும், மின்சார வாரியத்திலும், ஆஸ்பத்திரியிலும், தோட்டத்து ஃபாக்டரியிலும் இடம் உண்டு. பட்டனை அழுத்த மட்டும் தெரிந்தவன் இடத்துக்குத்தான் இயந்திரம் வருகிறது.

"தமிழில் படித்த பிள்ளைக்கு இங்கிலீஷ் டேட்டாஷீட் புரியுமா?" இது உண்மையான சிரமம். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம், பாலிடெக்னிக்கில் இங்கிலீஷ் என்று மூன்று தண்டவாளத்தில் ஓடும் வண்டி நம் எல்லைப் பிள்ளை. பாலிடெக்னிக்கில் முதல் ஆண்டு நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். அறிவு குறைந்து திணறுவதில்லை. சொல் தெரியாமல் திணறுகிறோம். ஒரு முறை கையால் செய்து பார்த்த பொருளின் பெயர் எந்த மொழியிலிருந்தாலும் மனதில் நிற்கும். ஆகவே முதலில் தமிழில் செய்யட்டும். கூடவே இங்கிலீஷ் சொல்லையும் அப்படியே பழகட்டும். ரெசிஸ்டரை 'ரெசிஸ்டர்' என்று சொல்வதால் தமிழ் தேய்ந்துவிடாது. அது என்ன வேலை செய்கிறது என்று தமிழில் சொல்லத் தெரியாமல் போனால்தான் தேயும்.

சங்கம் செய்யக்கூடியவை

நம் சங்கம் பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் குறைவின்றி நடத்துகிறது. அவை வேண்டும். அவற்றோடு இதையும் சேர்க்க வேண்டுகிறேன்.

முதலாவது, சனிக்கிழமை தோறும் சங்கக் கட்டடத்தில் ஒரு பட்டறை. முதல் மூன்று மாதம் எதையும் புதிதாகச் செய்ய வேண்டாம். கெட்டுப்போன ரேடியோ, எல்.இ.டி. விளக்கு, மிக்ஸி, சார்ஜர் எல்லாவற்றையும் ஊரிலிருந்து வாங்கிப் பிள்ளைகள் திறந்து பார்க்கட்டும். பிரித்துப் பார்க்காதவனுக்கு வடிவமைக்க வராது. மின்சாரம் ஆபத்தானது, ஆகவே பெரியவர் ஒருவர் எப்போதும் கூட இருக்க வேண்டும்.

இரண்டாவது, ஆசிரியர்கள். ரயில்வே, ஐ.டி.ஐ., டெலிபோன், மின்சார வாரியம் ஆகியவற்றில் ஓய்வு பெற்றவர்கள் பாலக்காட்டைச் சுற்றி எத்தனையோ பேர் இருக்கிறோம். காலை நடையும் மாலைச் செய்தியுமாகப் பொழுது போகிறது. வாரத்தில் மூன்று மணி நேரம் ஒரு பாரமா?

மூன்றாவது, கல்லூரிகளின் துணை. பாலக்காட்டில் ஐ.ஐ.டி. இருக்கிறது, என்.எஸ்.எஸ். பொறியியல் கல்லூரி இருக்கிறது. இடுக்கியில் பைனாவில் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. மாணவர்கள் எப்படியும் பிராஜக்ட் செய்தாக வேண்டும். அலமாரியில் தூங்கும் பிராஜக்டுக்குப் பதில், தேவிகுளத்திலோ வண்டிப்பெரியாற்றிலோ ஒரு பள்ளிக் கூரையில் நிற்கும் மழைமானியாக அது இருக்கட்டும் என்று சங்கத்தின் பேரில் நாம் கடிதம் எழுதலாம். இங்கே சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் மழையைவிட வாய்க்கால் தண்ணீர்தான் கவலை. அதே பெட்டி, உணரியை மாற்றினால் வாய்க்காலின் நீர்மட்டத்தைச் சொல்லும். கடைமடை விவசாயிக்கு அது பெரிய காரியம்.

நான்காவது, செய்ததை எல்லாம் தமிழில் எழுதி, படத்தோடு, யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி ஒரு சிறு கையேடாகப் போட வேண்டும். நீலகிரித் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் இலங்கை மலையகத்துப் பிள்ளைகளுக்கும் அது அப்படியே உதவும். அவர்கள் மலையும் நம் மலைதான். அவர்கள் லயமும் நம் லயம்தான்.

இவற்றுக்கு லட்சக்கணக்கில் பணம் வேண்டாம். ஒரு மேஜை, நல்ல வெளிச்சம், நான்கு சால்டரிங் அயர்ன், இரண்டு மல்டிமீட்டர். சால்டரிங் அயர்ன்களும் மீட்டர்களும் என் பொறுப்பு. மேஜையும் வெளிச்சமும் சங்கத்தின் பொறுப்பாக இருக்கட்டும்.

அந்தப் பள்ளிக்கு மறுபடி போவதாக வாக்களித்திருக்கிறேன். என் கேள்விக்குப் பிள்ளைகளுக்கு விடை சொல்ல வேண்டியிருக்கிறது. போர்டு கெட்டால் கேட் எப்படி நிற்கும் என்பது எங்கள் கவலை அல்ல. கேட் மூடிப் பூட்டியாயிற்று என்று நிரூபணம் வராதவரை வண்டிக்குச் சிக்னல் பச்சையாகாது, வண்டி வெளியிலேயே நிற்கும். அப்படித்தான் ரயில்வே கேட்டை அமைக்கிறோம். இதைச் சொல்லிவிட்டு, அந்தப் பெண் பிள்ளையின் கையில் ஒரு திருப்புளியைக் கொடுத்து, அந்தச் சிப்பைச் சாக்கெட்டிலிருந்து நெம்பிக் கழற்றச் சொல்லப்போகிறேன். கால் ஒன்று வளையலாம். பரவாயில்லை, நிமிர்த்திக்கொள்ளலாம் என்பதையும் அன்றைக்கே கற்றுக்கொள்வாள்.